மாடவீதியில் சூப்பர்சார்ஜர்

அந்த நாளில் மயிலாப்பூரில் என் வண்டியைவிட விலை கூடின வண்டிகள் எத்தனையோ இருந்தன. பெரிய வக்கீல்கள் வீட்டு வாசலில் அமெரிக்க வண்டிகள் படகு மாதிரி நிற்கும். ஆனால் லஸ் முனையிலிருந்து அடையாற்றுப் பாலம் வரைக்கும் என் வண்டியை முந்தின வண்டி ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய். நேரில் வந்து சொல்லட்டும், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அந்த மூன்றாவதையும் முழுசாக முடித்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். உலகச் சண்டைக் காலத்தில் புது டயர் கிடைக்காமல் ஊரே தவித்தபோது, மந்தைவெளியில் ஒரு கொட்டகை போட்டுத் தேய்ந்த மோட்டார் டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டிக் கொடுத்தேன். அபிராமபுரம், தியாகராய நகர், அடையாறு என்று எந்த பங்களாவை எடுத்துக்கொண்டாலும் அங்கே உருண்டது என் கை பட்ட டயர்தான்.

சண்டை முடிந்து, கப்பலேறி ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய திறந்த வண்டி வாங்கினேன். மடக்குகிற கித்தான் கூரை, முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர். பார்க்க லட்சணம், இழுவை கிடையாது. நாலு டயரைப் பின்னால் ஏற்றினால் பாலத்து ஏற்றத்தில் முனகும். எனக்கோ முனகுகிற மாட்டையே பிடிக்காது.

இராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் என் சிநேகிதர். கோச்சு வண்டிக் காலத்திலிருந்து இரும்பு வேலை செய்கிற குடும்பம். தம்பட்டத்தில் அவருக்கு ஈடு நான் ஒருவன்தான், அதனால்தான் ஒத்துப்போனோம். ராணுவம் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஓர் அலுமினியப் பெட்டி கண்ணில் பட்டது. ஏதோ ஒரு விமானத்தில் காற்று ஊத வைத்திருந்தது. அச்சைக் கையால் சுற்றினால் ஒரு வாயால் காற்றை உறிஞ்சி இன்னொரு வாயால் தள்ளியது. பாய் அந்த வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏலக்காரன் வந்து எங்கள் சந்தோஷத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறானே என்று இரண்டு பேரும் இழவு வீட்டு முகத்தை வைத்துக்கொண்டோம்.

எஞ்சின் தானாக மூச்சு இழுத்தால் கொஞ்சம்தான் இழுக்கும். அதன் வாயில் காற்றை வலுக்கட்டாயமாகத் திணித்தால் பெட்ரோலும் கூட எரியும், பலமும் கூடும். இதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாமலேயே பொருத்திவிட்டோம். எஞ்சினுக்கு முன்னால் பெட்டியை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, லாரி கார்புரேட்டரைக் கொண்டுவந்து மாட்டினோம். அழுத்தம் தாங்க எஞ்சின் தலைக்குக் கீழே தடித்த செப்புத் தகடு வைத்தோம். பிரேக்கையும் ஸ்பிரிங் பட்டையையும்கூட லாரியிலிருந்து எடுத்து, அளவுக்குக் குறுக்கி மாட்டினோம். கடைசியில் அந்த வண்டியில் வெள்ளைக்காரர் விட்டுப்போனது என்று சொல்ல ஸ்டீரிங்கும் ஆசனமும்தான் மிச்சம்.

முதல் நாள் சாந்தோம் சாலையில் அழுத்தியபோது அது சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயின் தொப்பி பட்டினப்பாக்கம் பக்கம் போய்விட்டது. அவர் தொப்பியைத் தேடவில்லை. இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு அது என் தினசரி வண்டி. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி வண்டி வைத்திருந்த ராஜாக்கள் அதைத் துணி போட்டு மூடி வைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் பந்தயத்துக்கு எடுப்பார்களாம். நான் அதில் டயர் ஏற்றினேன். தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குப் போய் வாழைத்தார் போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை என் தங்கையைக் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் முழுவதையும் அது குடித்தது, குடிக்கட்டும். காலையில் அது கச்சேரி ரோடு தாண்டுகிற சத்தத்தை வைத்து ஒரு வீட்டு மாமி, "சங்கு வண்டி போயாச்சு, இன்னும் ஸ்நானம் பண்ணாம என்ன பண்ணிண்டிருக்கேள்" என்று ஆத்துக்காரரை விரட்டுவாராம். அந்த ஆத்துக்காரரே என் கொட்டகைக்கு வந்து புகார் சொன்னார். புகார் சொன்னவர் தம் வண்டி டயரையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குறை ஒன்று உண்டு. மறைப்பானேன். அந்த வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது. ஊர்ந்தால் பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும், ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிடும். தேர் வருகிற தெருப்பக்கமே நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது ஊருக்கெல்லாம் தெரியும்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்பா அம்மா போனபிறகு நான் வளர்த்த பெண். மாப்பிள்ளை சைதாப்பேட்டை, மரக்கடைக் குடும்பம். அங்கே எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மயிலாப்பூர் மாடவீதி நாலையும் சுற்றி, நாதஸ்வரத்துக்குப் பின்னால், மாப்பிள்ளையைத் திறந்த வண்டியில் உட்கார வைத்து ஊர்வலம் வரவேண்டும். வண்டி பெண் வீட்டார் பொறுப்பு. ஊர்வலம் என்றால் நடக்கிற வேகம். நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தால் நிற்கிற வேகம்.

இரண்டு வீட்டாரும் கூடியிருந்த சபையில் பேச்சு வண்டிக்கு வந்ததும் நான் என் வண்டி என்றேன். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த சங்கு ஊதற வண்டியா? நைனா, அது ஊர்வலத்துல நாலு அடி போய்ட்டு நின்னுக்கினா, எங்க புள்ள எறங்கி நடந்து வரணுமா? மாப்ள வண்டி நின்னா இன்னா சகுனம், உனுக்குத் தெரியாதா? வாடகைக்கு ஒரு நல்ல வண்டியா பாரு."

சபை சிரித்தது. எனக்கு நாக்கில் சனி. நான் எழுந்து, என் வண்டியில்தான் மாப்பிள்ளை வருவார் என்றும், ஊர்வலத்தில் அது தானாக நின்றால் மறுநாளே அதை உடைத்துக் காயலான் கடைக்குப் போடுவேன் என்றும், அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். பெரியப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சபையில சொல்லிக்கிற. எல்லாரும் கேட்டுக்குனீங்களா" என்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தங்கையைக் கேட்டேன், வேறு வண்டி பார்க்கட்டுமா என்று. அவள் சகுனம் என்று பயந்திருந்தால் என் வாயை மூடிக்கொண்டு வாடகை வண்டி எடுத்திருப்பேன்.

"நம்ம வண்டியிலயே வரட்டும்ண்ணா" என்றாள். "நின்னா நான் மணவறையில இருந்து வந்து தள்றேன்."

அவ்வளவுதான், வேலையில் இறங்கினோம். பாய் எங்கிருந்தோ வேறு விதமான பிளக்குகள் கொண்டுவந்தார். மெதுவாகப் போனாலும் கரி பிடிக்காது, வேகமாகப் போனால் மட்டும் உருகிவிடும். ரேடியேட்டரை எடுத்துவிட்டு லாரி ரேடியேட்டரை அறுத்து ஒட்டினோம். அப்புறம் ஒத்திகை. மந்தைவெளியிலிருந்து சாந்தோம் வரைக்கும் வைக்கோல் ஏற்றிப் போகிற ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால், அது போகிற வேகத்தில், கிளட்சை மிதித்து மிதித்து விட்டேன். ஊரில் வேகமான வண்டி மாட்டுக்குப் பின்னால் போவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மாட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, பெட்ரோல் தீந்துபூட்ச்சா? கவுறு கட்டட்டுமா?" என்று கேட்டார். நான் கிளட்சை இன்னொரு தரம் மிதித்தேன். சாந்தோம் வரைக்கும் வண்டி நிற்கவில்லை, தண்ணீர் கொதிக்கவில்லை. தினமும் போனேன். மாடுகளுக்கே நான் பழகிவிட்டேன்.

அழைப்பு நாள். பூக்காரரிடம் நான் ஒரே வார்த்தை சொன்னேன், சைதாப்பேட்டைக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டும். அவர் பிளக்க வைத்துவிட்டார். பக்கவாட்டில் சாமந்திச் சரம், சக்கரத்துக்குச் சம்பங்கி வளையம், முன்னால் ரேடியேட்டர் வலை முழுக்க மல்லிகையை மெத்தை மாதிரி நெருக்கிக் கட்டி, நடுவில் ரோஜாவால் ஒரு தாமரை. பெரியப்பாவே தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. முன் ஆசனத்தில் என் பக்கத்தில் பாய், புதுத் தொப்பியோடு. அவர் காலடியில் மாவிலை செருகின தண்ணீர்க் குடம். பார்ப்பவர்களுக்குப் பூரண கும்பம், எங்களுக்கு ரேடியேட்டர் தண்ணீர். பின்னால் மாப்பிள்ளையும் பெரியப்பாவும்.

காஸ் விளக்குகள் முன்னே போக, நாதஸ்வரம் தொடங்கிற்று. தெற்கு மாடவீதி முழுக்க வண்டி பூனை மாதிரி நடந்தது. எஞ்சின் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு அமைதி. மாப்பிள்ளை நல்ல பையன். குனிந்து, நல்லா இருக்குது மச்சான் என்று சொன்னான். பெரியப்பா தாளத்துக்கு விரலைத் தட்டிக்கொண்டிருந்தார், அதுவே எனக்குப் போதும்.

மேற்கு மாடவீதி பாதியில் ஒரு வாசனை வந்தது. சந்தனமில்லை, பன்னீருமில்லை. பாய் மூக்கைச் சுருக்கினார். முன்னால் எட்டிப் பார்த்தார். என் காதோடு வாயை வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"நைனா, பூ வேகுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகையில் மாடு இருந்தது, வைக்கோல் இருந்தது, கூட்டம்கூட இருந்தது. பூ இல்லை. ரேடியேட்டரின் மூச்சை நானே மல்லிகை வைத்து அடைத்திருக்கிறேன். ரேடியேட்டர் மூடியில் இருந்த சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வண்டி தானாக நிற்கும். மாப்பிள்ளை வண்டியில் கட்டின பூவை நடுத்தெருவில் பிய்த்துப் போட்டாலோ அது நிற்பதைவிடக் கெட்ட சகுனம். வடக்கு மாடவீதி திரும்புகிற முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேராக அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை நானே அணைத்தேன்.

"இன்னா, நின்னுகிச்சா?" பெரியப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

நான் இறங்கி அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். "நிக்கல மாமா, நிறுத்திக்கிறேன். மொத மாலை புள்ளையாருக்குப் போடாம எங்க வூட்டு மாப்ள இந்த முனைய தாண்டலாமா? மனையில குந்தப்போற ரெண்டு பேருக்கும் விக்கினமில்லாம போகட்டும். நீங்க பெரியவங்க, உங்க கையாலயே எடுத்துப் போடுங்க."

கூட்டத்தில் யாரோ நல்ல காரியம் என்றார். பெரியப்பா இறங்கினார். பாய் முடிச்சுகளை அவிழ்க்க, அந்த மல்லிகை மெத்தை முழுசாகக் கழன்று வந்தது. வெந்த பூவின் ஆவி பிள்ளையாருக்குச் சாம்பிராணி மாதிரி எழுந்தது. நாதஸ்வரக்காரரிடம் போய், பிள்ளையார் சன்னதி, ராகத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே வாசியுங்கள் என்றேன். அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அவர் கல்யாணியில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு வருவதற்குள், நல்ல காற்று வலையில் பட்டது. பாய் மாவிலையைக் குடத்தில் தோய்த்துத் தோய்த்து, தீர்த்தம் தெளிக்கிற பக்தியோடு ரேடியேட்டர் மேல் தெளித்தார். அவர் வாய்க்குள் முணுமுணுத்தது மந்திரமில்லை, என்னைத் திட்டியது. முள் மெல்ல இறங்கிற்று.

கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். எல்லாரும் ஏறினார்கள். கொதித்து ஆறின எஞ்சின் மறுபடி எழுந்திருக்க அடம் பிடிக்கும். நான் பொத்தானில் விரலை வைத்தேன். எத்தனை சாமி உண்டோ அத்தனையையும் கூப்பிட்டேன், பாயும் அவர் பங்குக்குக் கூப்பிட்டார். ஒரே அழுத்து. எழுந்துவிட்டது. வடக்கு, கிழக்கு என்று மீதி வீதிகளையும் சுற்றி, கோபுரத்தைக் கடந்து, கல்யாண மண்டப வாசல் வரைக்கும் வண்டி ஓர் இடத்திலும் தயங்கவில்லை. மண்டப மாடி ஜன்னலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், தள்ளுவதற்குத் தயாராக.

தாலி கட்டின மறுநாள் காலை, பழைய பிளக்குகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து நேராக முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். அடையாறு வரைக்கும் போகலாம் என்றார். மந்தைவெளி தாண்டினோம்.

"பூ வெந்த வாசனை எனுக்கும் வந்துச்சு நைனா" என்றார் பிறகு. "மரத்துல சூடு ஏறினா மோந்து சொல்றவன் நான். பூவு தெரியாதா? கம்முனு இருந்தேன், நீ இன்னா பண்றேன்னு பாக்கலாம்னு. இந்த மூளை இருக்கிற வூட்லதான் பொண்ணு எடுத்துக்கிறோம்னு மனசு குளிர்ந்துபோச்சு."

நான் சபையில் சொன்ன வார்த்தையை ஞாபகப்படுத்தினேன். தானாக நின்றால்தானே, என்றார். நீதானே நிறுத்தினாய் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாலம் தெரிந்தது, எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"இப்ப ஊது அந்த சங்கை" என்றார்.

ஊதினேன்.