வாய்ஸ் மெசேஜில் விழுந்த ஹாரன் சத்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். வாராவாரம் உங்களிடம் வீட்டுக் கதை எல்லாம் சொல்கிறேன்... இதை மட்டும் சொன்னதில்லை. "பொட்டப் புள்ள விஷயம், பேப்பர்ல போடாத" என்று என் வீட்டுக்காரர் தடுத்து வைத்திருந்தார்.

போன வாரம் ஹார்பர் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எழுதிடும்மா" என்றார். கூட வேலை செய்கிறவர் ஒருவர், "எங்கூட்டுக் கொழந்த லாரி ஹாரனுக்கே முழிக்காது!" என்று டீக்கடையில் பெருமையடித்தாராம்.

அந்தப் பெருமையை நாங்களும் அடித்தவர்கள்தான்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஹார்பருக்குள் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஹாரன் அடித்தால் அலமாரியில் பாத்திரம் அதிரும். என் மகள் வடிவு அசையாமல் தூங்குவாள். "சமத்து!" என்று தெருவே மெச்சும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு இதுதான் சர்டிபிகேட்.

ஆனால் இரண்டு வயது நெருங்கியும் அவள் 'அம்மா' என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பெரியவர்கள் சொன்னபடி வசம்பு உரைத்து நாக்கில் தடவினேன். வாய் திறக்கவில்லை.

செல்போனில் அம்மாக்கள் குரூப் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் அழகாக டைப் அடிப்பார்கள். பேனா பிடித்தே பழகிய எனக்கு அது வராது. ஒரு மத்தியானம் தைரியம் வந்து வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"எம் பொண்ணு இன்னும் பேசாம கீதும்மா... யாருக்காச்சும் இப்டி இருந்துச்சா?"

முதல் பதில் — "அக்கா, நீங்க முதல்ல தமிழ் பேசுங்க. பாப்பா தானா பேசும்!" கூடவே சிரிக்கிற பொம்மை.

அழுகை முட்டியது. குரூப்பை விட்டே போய்விடலாம் என்று விரலை வைத்தேன். அப்போது இன்னொரு குரல் வந்தது. புளியந்தோப்பு நஸீமா.

"யக்கா, உன் வாய்ஸுல ஹாரன் அந்தக் கத்து கத்துதே... பாப்பா எங்க கீது?"

"மடில தூங்கிக்கினு கீதும்மா."

"எழுந்துக்கல?"

"அதெல்லாம் பழகிப்போச்சு. எங்க ஏரியா புள்ளைங்க அப்டிதான்."

"எங்கூட்டாண்ட ரயிலே போவுது. எம் புள்ளையும் பழகினவன்தான். ஆனா தூக்கத்துலயும் இமை துடிக்கும், கை உதறும். உம் பொண்ணு முழிச்சிக்கினு இருக்கசொல்ல, பின்னால நின்னு கூப்ட்டுப் பாருக்கா."

கோபம் வந்தது. என் பிள்ளைக்கு என்ன குறை? ஆனாலும் அந்தக் கேள்வி உள்ளே குடைந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வீட்டுக்காரர் தோளில் வடிவு, விழித்துத்தான் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தவிலும் மணியும் ஒன்றாக முழங்கின. பக்கத்துக் குழந்தைகள் வீறிட்டன. அவள் என் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டே இருந்தாள்.

"சாமி கொழந்த! பயமே இல்ல பாரு" என்றார் அவர்.

எனக்கு விளங்கிவிட்டது. அம்மனைப் பார்க்க முடியாமல் கண்ணீர் மறைத்தது.

நஸீமாவிடம் அழுதேன். "அழுவாதக்கா. காது டாக்டராண்ட போவலாம், நானும் வரேன்" என்றாள். நான் முகம்கூடப் பார்த்திராதவள்... புர்காவோடு ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றாள். டெஸ்ட் எடுத்தார்கள். வடிவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை.

காது கேட்கிற மெஷின் மாட்டினோம். பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். குரூப்பில் சொன்னேன். அதை நழுவாமல் பிடித்து நிறுத்த ஒரு துணிப்பட்டை தைத்து அனுப்பியது யார் தெரியுமா? என்னைக் கிண்டல் செய்த அதே பெண்! ஒரு மெசேஜை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது போலிருக்கிறது.

பட்டை கட்டிய அன்று வாசலில் லாரி ஹாரன் அடித்தது. வடிவு தூக்கிவாரிப் போட்டு அலறினாள். நான் அப்படியே கைகூப்பினேன். வீட்டுக்காரர் ரோட்டுக்கு ஓடினார். சண்டைக்கு வருகிறார் என்று டிரைவர் பயந்துபோய்ப் பார்க்க, இவர் கும்பிட்டபடி சொன்னார் — "இன்னொரு தபா அடி நைனா!"

இன்று வடிவு வகுப்பில் பேசுகிற பேச்சுக்கு டீச்சர்தான் கும்பிடுகிறார். என் வேண்டுதலைக் கேட்ட அம்மன், பதிலை நஸீமாவிடம் கொடுத்தனுப்பினாள் என்றே நம்புகிறேன்.

கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். கண், மூக்கு வைக்காமல் அப்படியே அனுப்புங்கள். முக்கியமாக, நஸீமா பேசியதைத் திருத்தாதீர்கள்... அப்படிக் கேட்டதால்தான் எனக்கு உறைத்தது.