பேர் போன டப்பா

விவேக் நகரில் சொர்ணத்தின் ஊறுகாயைத் தொடாதவர் என்று யாராவது இருந்திருந்தால், அவருக்கு வயிற்றில் புண் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் வேண்டுதலை முடித்த கையோடு அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அதே வரிசையில் கடைசி வீட்டுக்காரனான நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். என் மனைவி அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஊறுகாயைவிட எனக்கு அவள் டப்பா கழுவுகிற வித்தைதான் பிடிக்கும். பழைய சாமான் வாங்கி விற்கிற குஜரிக் கடையில் காலி பிளாஸ்டிக் டப்பாக்களை எடை போட்டு வாங்கி வருவாள். எல்லாவற்றிலும் ஏதாவது கம்பெனியின் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாமாக இருந்தால் நகத்தால் பிறாண்டுவோம். பாதி கிழிந்து வரும், பாதி வெள்ளையாக அப்பிக்கொள்ளும், எரிச்சலில் டப்பாவையே தூக்கி எறிவோம். அவள் லேபிள்மேல் தேங்காயெண்ணெயைத் தடவி வெயிலில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது காகிதம் ஊறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும். மிச்சமுள்ள பிசினுக்குத் துணியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், கையோடு சோப்புத் தண்ணீர். கொதிதண்ணீர் ஊற்றினால் டப்பா கோணிக்கொள்ளும், நகப்பூச்சு அழிக்கிற மருந்து பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், மண்ணெண்ணெயை ஊறவிட்டால் வாடை உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

சுத்தமான டப்பாவில் புது லேபிள் ஏறும். ஆம்ப்ரோஸின் அச்சகத்தில் மஞ்சள் காகிதத்தில் அடித்தது. 'சொர்ணம் – காந்தா ஊறுகாய்.' காந்தா பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி. வாங்குவதும் விற்பதும் வாயாடுவதும் சொர்ணம் என்றால், கைப்பக்குவம் முழுக்க காந்தாவுடையது. லேபிளில் கன்னடத்திலும் ஒரு வரி போடலாமே என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"வாங்குறதெல்லாம் நம்ம தமிழாளுங்கதான காந்தா? எதுக்கு வீணா?" என்றாள் சொர்ணம்.

காந்தா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தன் பெயர் எது என்று மட்டும் விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். தமிழில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த மூன்று எழுத்துதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. பஸ் நின்றுபோனது. தமிழில் எழுதிய பலகைகளைக் கடைக்காரர்களே அவசர அவசரமாக இறக்கினார்கள். சொர்ணத்தின் புருஷன் உத்தமன் வேலையிடத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக, "மொதல்ல டப்பாவுல இருக்கிற தமிழைச் சொரண்டு" என்றான்.

வியாழக்கிழமைக்காக நிரப்பி ஒட்டிய டப்பாக்கள் முன்னறை முழுக்க அடுக்கியிருந்தன. எண்ணெய் தடவி ஊறவைக்கவெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? சொர்ணம் கதவைத் தாழிட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் துணியை முக்கி முக்கித் தேய்த்தாள். சோப்புத் தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை.

சாயங்காலம் கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, பாகிலு தெகி! நான்தான், காந்தா. எல்லாரும் நம்ம மனைக்கு வந்துடுங்க. டப்பாவையும் எத்துனு போயிடலாம், எங்க வூட்டுக்காரரும் வந்துகீறாரு."

அந்தக் குரலைச் சொர்ணத்துக்குத் தெரியாதா? உப்பு போதுமா, காரம் போதுமா என்று தினமும் கேட்ட குரல். ஆனால் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது அதிலிருந்த கன்னடம் மட்டும்தான். கூடவே ஓர் ஆண்பிள்ளையின் செருமல். உத்தமன் உதட்டில் விரலை வைத்தான். சொர்ணம் துணியும் கையுமாக மூச்சுவிடாமல் இருந்தாள். காந்தா இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அவதான்னு தெரியும்ணா. தெரிஞ்சேதான் தொறக்கல" என்று பிற்பாடு சொர்ணமே என்னிடம் சொன்னாள். எனக்கு அவளைத் திட்டத் தோன்றியது. அன்றைக்கு நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடந்தேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் ஒரு கல்கூட விழவில்லை. ஊர் அடங்கிய பிறகு சொர்ணம் கதவைத் திறந்தபோது காந்தா உள்ளே வந்தாள். மொட்டை டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் பேரையுமா அழிச்சிட்ட?"

"அதுவும் தமிழ்லதான இருந்திச்சு, காந்தா."

காந்தா மூடியைத் திறந்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் நாறியது. முந்தானையைச் செருகிக்கொண்டு, சொர்ணத்தோடு சேர்ந்து அத்தனை ஊறுகாயையும் பின்பக்கம் குழிதோண்டிக் கொட்டினாள். நாலு வார்த்தை கத்தியிருந்தால் சொர்ணத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறமும் சந்தாபுராவுக்குக் குடிபோகிறவரை காந்தாதான் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சொர்ணம் மட்டும் ஆம்ப்ரோஸிடம் போய் ஒரு புது லேபிள் அடித்துக்கொண்டு வந்தாள். பெரிய எழுத்தில், கன்னடத்தில், காந்தாவின் பெயர் முதலில். எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த காந்தா கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாகீது அக்கா. ஆனா உன் பேரு மட்டும் போடு. என் பேரு பேடா, வேணாம்."

"ஏன்டி? நீ இல்லாம ஏது ஊறுகா?"

"மறுபடியும் சொரண்டற மாதிரி வந்தா, உனக்கு வேலை கம்மி பாரு" என்றாள் காந்தா. அதில் குத்தலே இல்லையாம். நிஜமான அக்கறையோடுதான் சொன்னாளாம்.