வீடியோ பார்த்துப் போட்ட கணக்கு

நாலு வருடம் முன்பு நடந்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆசிரியர். என் மனைவிக்கு டவுன்ஷிப்பில் வேலை. குடியிருப்பும் அங்கே குவார்ட்டர்ஸில்தான். அந்த வருடம் இரண்டாம் ஆண்டுக்கு, பாரம் ஏற்றினால் உத்திரம் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடும் பாடத்தை நடத்தினேன். பாதிப் பேருக்கு அந்தப் பாடம் எமன்.

இன்டர்னல் தேர்வில் ஒரு பெண் அந்தக் கணக்கை நான் நடத்தாத வழியில் போட்டிருந்தாள். பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண், அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. விடை சரி. வழியும் சரி. எனக்குத் தெரியும். இருந்தும் குறுக்கே கோடு போட்டு சைபர் கொடுத்தேன்.

பேப்பரை வாங்கியதும் எழுந்து நின்றாள். "ஆன்சர் கரெக்டாதானங்க சார் வந்திருக்கு?"

"இந்த வழிய எவன் சொல்லிக்குடுத்தான்?"

"வீடியோல பாத்தேங்க சார். கிளாஸ்ல புரியல. அதுன்னா நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கினே போடலாங்க."

பின் பெஞ்சில் ஒருவன், "சாரையும் அப்பிடி நிறுத்த முடிஞ்சா நல்லாருக்கும்டா" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"அப்ப மார்க்கையும் அந்த வீடியோகாரன்கிட்டயே போய் வாங்கிக்க" என்றேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. இன்டர்னல் மார்க்கை அனுப்பும் முன் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "பாத்துப் போடுங்க சார்" என்று கெஞ்சுவார்கள். நாங்களும் கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போடுவோம். அவள் வந்து கெஞ்சட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சைபரை அப்படியே அனுப்பிவிட்டேன்.

பல்கலைக்கழகத் தேர்வில், இன்டர்னலையும் சேர்த்துக் கூட்டியதில், இரண்டு மார்க்கில் ஃபெயிலானாள். அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கிடையில் என் தலையில் ஒரு புதுப் பாடத்தைக் கட்டினார்கள். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் மாதிரி வீடியோ பார்த்துத்தான் நடத்தினேன். வகுப்பில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடைசி வருடம் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. எந்தப் பாடத்திலும் ஒரு தடவைகூட ஃபெயிலாகி அரியர் வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. ஹால் வாசலில் லிஸ்ட்டோடு நின்றவன் நான். அவள் இஸ்திரி போட்ட சுடிதாரில், கையில் ஃபைலோடு வந்தாள்.

"லிஸ்ட்ல உன் பேர் இல்லியேம்மா."

"தெரியுங்க சார். அரியர்தான் முடிச்சிட்டேனே, ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்னு வந்தேங்க."

உள்ளே போய், 'இந்தப் பெண் ஃபெயில் ஆனது என்னால்' என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார்களோ, மாட்டார்களோ. நான் வாசலைவிட்டு நகரவே இல்லை. "அன்னிக்கே கிளாஸ ஒழுங்கா கவனிச்சிருக்கணும்" என்று புத்தி வேறு சொன்னேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு முறைப்புக்கூட இல்லை.

அவளுக்குப் பிறகு எங்காவது வேலை கிடைத்ததா என்று அவள் தோழிகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் இன்றுவரை நான் கேட்கவில்லை.