அம்மாவின் விரலுக்கு ஒரு போன்

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த சிம் கம்பெனிக் கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். முதலில் அந்தக் கம்பெனி தன் சிம்மோடு சேர்த்து ஒரே ஒரு போனைத்தான் விற்றது. பட்டன் வைத்த கறுப்பு போன். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்பது போல மேசைமேல் தனியாகக் கிடக்கும். பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஏதாவது வந்திருக்கும். கடைசியில் ஒரு சுவர் முழுக்க டச் போன்கள் நின்றன. சின்னது, பெரியது, நீலம், செம்பு நிறம். அந்தச் சுவர் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம்தான் அம்மாவை அங்கே அழைத்துப் போனோம்.

அதுவரை வீட்டில் இருந்தது அப்பாவின் பட்டன் போன் மட்டும். நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீஸில் சேர்ந்ததும் என் போன் என்னோடு போய்விட்டது. அக்காவைக் கீழப்பழுவூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளோடு பேச வேண்டுமென்றால் அப்பா மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வர வேண்டும். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அப்பா நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அந்தப் பக்கம் அக்கா எடுத்ததும், "பக்கத்துல யாரும்மா?" என்பாள். "அப்பாதான்" என்பாள் அம்மா. அதற்குப் பிறகு மழையும் குழம்பும்தான் பேச்சு.

அக்காவுக்கு அப்போது நாலாம் மாசம். கேட்டால் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வாள்.

"அவ கொரலு சரியில்ல தம்பி," என்று அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பக்கத்துல ஆளில்லாம ஒருக்கா பேசிட்டா எனக்குத் தெரிஞ்சு போயிரும்."

அதற்காகத்தான் போன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "யாருக்குங்க?" என்றாள். அம்மாவுக்கு என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் ரேம், கேமரா, பேட்டரி என்று நான்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேறு கவலை.

"இதுல மத்த கம்பெனி சிம்மு போடலாமா?"

"முடியாதுங்கப்பா. எங்க சிம் மட்டுந்தான் எடுக்கும்."

"அப்ப கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டதுதான்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கடைப்பெண் தலையைக் குனிந்து சிரித்தாள்.

என் யோசனை எளிமையானது. அக்காவின் போட்டோவைப் போனின் முகப்பில் வைத்துவிட வேண்டும். அதைத் தொட்டால் அவளுக்கு அழைப்பு போய்விடும். படிக்கத் தேவையில்லை. ஆனால் அம்மா தொட்டபோது முதல் போன் அசையவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். கடைப்பெண் துணியால் திரையைத் துடைத்துக் கொடுத்தாள். அம்மா இன்னும் அழுத்தினாள்.

"அது என்ன மாட்டு முதுவா, அந்த அமுக்கு அமுக்குற?" என்றார் அப்பா.

அம்மா விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு முயன்று பார்த்தாள். எச்சில்தான் திரையில் கோடாக நின்றது. வரிசையில் ஒவ்வொரு போனாக நகர்ந்துகொண்டே போனாள். விலை கூடியதும் குறைந்ததும் அவளுக்கு ஒன்றுபோலவே மௌனமாக இருந்தன. அப்போதுதான் அவள் விரல்களை நான் சரியாகப் பார்த்தேன். பருத்தி எடுத்து எடுத்து, வெடித்த காயின் ஓடு குத்திக் குத்தி, நுனிகள் காய்த்து வெடித்துப் போயிருந்தன. தோலே இல்லாத இடத்தில் தோலைத் தேடுவது போலப் போன்கள் அந்த விரலைத் தேடித் தோற்றன.

"பேசாம பட்டன் போனே ஒண்ணு வாங்கிக் குடுத்துரு தம்பி," என்றார் அப்பா.

"அதுல பாப்பா மூஞ்சி தெரியாதே," என்றாள் அம்மா. அக்கா அவளுக்கு இன்னும் பாப்பாதான்.

சொல்லிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பருத்தி எடுப்பது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும்தான். மோதிர விரலுக்கு அந்த வேலையில் அதிகப் பங்கில்லை. அதை நீட்டி, கடைசி வரிசையில் இருந்த செம்பு நிறப் போனைத் தொட்டாள். திரை விலகியது. திரும்பி வந்து முதல் போனைத் தொட்டாள். அதுவும் விலகியது. அதன்பின் அந்தச் சுவரில் இருந்த எல்லாவற்றையும், எங்களை மறந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுங்கம்மா பிடிச்சிருக்கு?" என்றாள் கடைப்பெண். அன்றைக்கு அவளிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"அந்தச் செம்புக் கலருதான்."

அப்பாவுடையதும் அதே கம்பெனி சிம் என்பதால், சரியாக இருக்கிறதா பார்க்க அதையே புதுப் போனில் போட்டுக் கொடுத்தாள் கடைப்பெண். அக்காவின் போட்டோவை என் போனிலிருந்து ஏற்றினேன். அம்மா மோதிர விரலால் அவள் முகத்தைத் தொட்டாள்.

"சொல்லுங்கப்பா," என்றது அக்காவின் குரல்.

"நாந்தான்டி."

"போட்டுக் குடுத்துட்டு அப்பா எங்க போனாரு?"

"யாரும் போட்டுக் குடுக்கல. நாந்தான் போட்டேன். இரு." அம்மா போனைக் காதில் ஒட்டிக்கொண்டு கடையைவிட்டு இறங்கிவிட்டாள். பஸ் இரைச்சலுக்கு மறு காதைப் பொத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்பா எழுந்தார்.

"இருங்கப்பா, பேசட்டும்," என்றாள் கடைப்பெண். அப்பா உட்கார்ந்தார்.

அம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். திரும்பி வரும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போயி பாப்பாவ அழைச்சிட்டு வரணும்."

"ஏழாம் மாசந்தானே அழைக்கணும்? இப்பப் போயி நின்னா சம்பந்தி வூட்டுல என்ன நெனப்பாங்க?"

"நெனச்சிட்டுப் போறாங்க."

"என்னதான் சொன்னா?"

"எங்கிட்டதான் சொன்னா."

"என் நம்பர்ல பேசிட்டு எனக்கே சொல்ல மாட்ட."

செம்பு நிறப் போனுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். மறுநாள் மூன்று பேரும் கீழப்பழுவூர் போனோம். அக்கா ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினாள். வீடு வந்ததும் அம்மாவும் அவளும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே முதலில் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு அழுகை. அப்பா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.