மாமாவை டிவியில் காட்டப் போனது

பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் தெரியாதவள் செய்த தப்பு என்று யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வரக் கூடாது.

போன வருஷம் அம்மாவின் அண்ணன் பிரான்சில் இறந்துபோனார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர், பென்ஷன் வந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். விசா எடுத்து, விமானம் ஏறிப் போய்ச் சேருகிற நிலைமையில் அம்மா இல்லை. முழங்கால் ஒரு பக்கம், கண்ணில் புரை ஒரு பக்கம். ரெட்டியார்பாளையத்து வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கடைசியா மொகம் பாத்துட்டா போதும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

மாமாவின் மகனிடம் போனில் பேசினேன். அடக்கத்தன்று நம் நேரம் மத்தியானம் இரண்டு மணிக்கு, பெட்டி வைத்திருக்கும் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மாதா கோயிலுக்கு எடுத்துப் போவார்களாம்.

“லேப்டாப்புலயே பாத்துக்கறேன்டி. கிட்ட வெச்சா எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

“சும்மா இரும்மா. நாப்பத்து மூணு இஞ்ச் டிவி எதுக்கு மாட்டி வெச்சிருக்கு? நேர்ல நிக்கற மாதிரி பெருசா காட்டறேன் பாரு.”

அம்மாவின் கண்ணுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எங்கள் தெருவின் செபக் குழுவான அன்பியத்திலிருந்து பெண்கள் நாலு பேர் செபம் சொல்ல வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ‘டீச்சர் எவ்வளவு அழகா ஏற்பாடு பண்ணியிருக்கா’ என்று பெயர் வாங்க வேண்டும் எனக்கு. சாவு வீட்டில் வந்த ஆசையைப் பாருங்கள்.

முந்தின நாளே ஒயரை மாட்டி ஒத்திகை பார்த்திருக்கலாம். இதுகூடவா தெரியாது என்ற மிதப்பு. தினம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பெரிய திரையில் படம் காட்டுகிறவள்தானே நான்!

சரியாக இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. லேப்டாப்பில் மாமா மகன் முகம். “அத்தை, தெரியுதா? இப்ப அப்பாவைக் காட்டறேன்” என்றார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். “ஒரு நிமிஷம் இருங்க, டிவில போடறேன்” என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஒயரைச் செருகினேன்.

டிவியில் சிக்னல் இல்லை என்று வந்தது. ஒயர் இரண்டாவது ஓட்டையில் இருந்தது, டிவி முதல் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரிமோட்டில் மாற்றினேன். இப்போது திரை நிறையச் சிவப்பு ரோஜாப்பூ.

“இன்னாடி இது, பூவு தெரியுது?” என்றாள் அம்மா.

லேப்டாப் டிவியைத் தனி இரண்டாவது திரையாக எடுத்துக்கொண்டு, நான் வைத்திருந்த வால்பேப்பரை மட்டும் அங்கே அனுப்பியிருக்கிறது. இரண்டிலும் ஒரே படம் வரும்படி மாற்றினேன். படம் வந்தது, ஆனால் ஓரமெல்லாம் டிவிக்கு வெளியே. மாமா மகனுக்கு நெற்றி இல்லை.

“இருக்கட்டும்டி, இதுலயே காட்டச் சொல்லு.”

“பாதி மூஞ்சிதான் தெரியும். இரு.”

டிவியின் மெனுவைத் திறந்து, படத்தின் அளவை எங்கே மாற்றுவது என்று தேடினேன். அந்தப் பட்டியல் ஓரம் தவிர படம் முழுவதையும் மறைத்துக்கொண்டது. “சீக்கிரம்டி” என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“பொட்டியத் தூக்கிட்டு எங்க ஓடிடப் போறாங்க? கல்லறையில வெச்சித்தான மூடுவாங்க? கொஞ்சம் பொறும்மா!”

அன்பியத்துப் பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எங்கள் யாருக்கும் வேறு மாதிரி தெரியாது. இங்கே கோயிலில் பூசை முடிந்து, குழி ஓரத்தில் பெட்டியை இறக்கி, எல்லோரும் ஒருமுறை முகம் பார்த்த பிறகுதான் மூடி வரும். அங்கே கோயிலுக்குக் கிளம்பும் முன்பே மூடி முடுக்கிவிடுவார்கள் என்று நான் எதைக் கண்டேன்?

ஒன்றை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மெனுவில் தேடிக்கொண்டிருந்தபோது கடைக்கண்ணால் லேப்டாப்பைப் பார்த்தேன். வெள்ளைத் துணி, மாமாவின் நெற்றி, நரைத்த தலைமுடி. ஒரு நொடி. அப்படியே திருப்பி அம்மாவிடம் காட்டியிருக்கலாம். அளவு இன்னும் சரியாகவில்லையே என்று ரிமோட்டுக்குத் திரும்பிவிட்டேன். மாமா மகன் ஏதோ சொல்வதுபோல் வாய் அசைந்ததும் தெரிந்தது. ஒயரைச் செருகினால் சத்தமும் டிவிக்குப் போய்விடும். சாவு வீட்டு டிவிச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று காலையில் நானே அதை ஜீரோவில் வைத்திருந்தேன்.

கடைசியில் சிக்கியது. அழுத்தினேன். மெனு மறைந்தது. படம் நாலு மூலைக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு நூல்கூட வெட்டுப்படவில்லை. பளபளவென்று மூடிய பெட்டி. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தைக் கூட்டினேன். “பாத்துட்டீங்கல்ல அத்தை?” என்றது மாமா மகனின் குரல். “மூடப் போறாங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன். இங்க செபச் சத்தத்துல நீங்க பேசறது ஒண்ணும் புரியலை, அழுவறீங்கன்னு நெனச்சேன்.”

“திறக்கச் சொல்லுங்க! ஒரே ஒரு நிமிஷம்!” என்று கத்தினேன். மூடியபின் திறக்க விடமாட்டார்களாம். போட்டோவாவது இருக்கிறதா என்றேன். அப்பாவை அந்தக் கோலத்தில் எடுக்க மனசு வரவில்லை என்று சொல்லி அவரும் அழுதார். மாதாவே, எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “படம் நல்லாத்தான்டி தெரியுது” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் காலாப்பட்டிலிருந்து தூரத்து உறவுக்காரப் பெரியம்மா துக்கம் கேட்க வந்தாள். “மொகமாச்சும் பாத்தியா?” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் காப்பியோடு வாசற்படியில் நின்றுவிட்டேன்.

“பாத்தேன்க்கா. எம் பொண்ணு டிவில போட்டுக் காட்டுனா. தூங்கற மாதிரி இருந்தாரு.”

“மவராசி, நல்லா இருப்படி!” என்று பெரியம்மா என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி அம்மா பக்கம் திரும்பினாள். “தலைக்கு மை அடிச்சிக்கிட்டு ஜோரா இருப்பாரே, கடைசிலயும் அப்டியேவா?”

அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். பெரியம்மா காத்திருந்தாள்.

“இல்ல பெரியம்மா, முழுசா வெள்ளையாயிடுச்சு” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.