காலில்லாத எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என் தங்கைக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் என் அப்பாவுக்கு... சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாப்பிள்ளை பட்டணத்தில் கம்பெனி குமாஸ்தா. துரைமார்களுக்கும் கொடுக்க வேண்டுமே! அதனால் பத்திரிகையை இங்கிலீஷில் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருக்கும் காதர் பாய் அப்போதுதான் சீமையிலிருந்து ஒரு புது எழுத்தை வரவழைத்திருந்தார். வழக்கமாக எழுத்தின் முனைகளில் நீட்டியிருக்கும் கொம்பு இல்லை, கால் இல்லை. ஒரு பக்கம் தடிமன், மறு பக்கம் மெலிவு என்ற பேச்சே இல்லை. 'ஓ' என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம்.

மயங்கிவிட்டேன். இதற்குப் பூ பார்டர் பொருந்துமா? பிள்ளையார் படம்? இரண்டும் வேண்டாம் என்றேன். வெள்ளை அட்டை, கறுப்பு மை — அவ்வளவுதான். ஓரத்தில் மஞ்சள் தடவ வந்த அம்மாவையும், டிசைன் கெட்டுவிடும் என்று தடுத்தேன்.

"கண்ணாலத்துக்கு இது ஒத்துவராது நைனா. எழுத்து ரொம்ப கறாரா கீது" என்றார் பாய். நான் கேட்கவில்லை.

நிச்சயம் அவசரமாக நடந்ததில், வெள்ளானூரில் இருக்கும் அத்தைக்குச் சேதி போகவில்லை. நேரில் போய் அழைப்பதற்குள் இருக்கட்டுமே என்று தபாலில் ஒரு பத்திரிகையைப் போட்டேன்.

அந்த வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எங்கள் ஊர் அம்பத்தூரிலிருந்து வந்திருக்கிறது என்று மட்டும் தபால்காரர் சொல்லியிருக்கிறார். மஞ்சள் இல்லை, பிள்ளையார் இல்லை; கறுகறுவென்று எழுத்து. போன மாதம்தான் அப்பா காய்ச்சலில் கிடந்தார். வேறென்ன நினைப்பார்கள்? கருமாதிக் கடுதாசி வீட்டில் இருக்கக் கூடாதென்று உடனே கிழித்தும் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை இரண்டு மாட்டு வண்டிகள். வண்டிகளுக்கு முன்னால் அத்தையின் ஒப்பாரி தெருவுக்குள் வந்தது. எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அப்பா ஈர வேட்டியோடு ஓடினார்.

"யாரும்மா போய்ட்டாங்க?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீதான் அண்ணாத்தே."

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். விஷயம் தெரிந்ததும், இப்படி அழைத்த கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வண்டியேறிவிட்டாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. அவர் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அது திட்டைவிட மோசம்.

பூந்தமல்லிக்கு ஓடினேன். பாய் நேராகப் போய்த் தமிழ் எழுத்தை எடுத்தார். கோபுரம், பிள்ளையார், சுற்றிலும் கொடி — கண் வலித்தது. அம்மா ஆசை தீர மஞ்சள் தடவினாள். நானும் அப்பாவும் தாம்பாளத்தோடு வெள்ளானூர் போனோம். அத்தைக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. ஆனால் பார்த்தவுடன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்தில் முதல் வரிசையில் அவள்தான்.

புது எழுத்து வீணாகவில்லை. பூந்தமல்லி டாக்டரின் விஷமருந்து பாட்டில்களுக்கு பாய் அதில்தான் லேபிள் அடித்துக் கொடுக்கிறார். கம்பவுண்டர் பத்தடி தள்ளி நின்றே படித்துவிடுகிறாராம். நமக்கு வேட்டி சட்டைபோல எழுத்துக்கும் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது!

மிஞ்சிய வெள்ளை அட்டை ஒன்றை நேற்று அப்பா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் கீது. எனக்கு நெஜமாவே ஆவும்போது இதுலயே அடிச்சுடு."