கல்கத்தாவில் விட்டுவந்த சீட்டு

போன வாரம் பெண்ணை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, சிப்காட்டின் பின்பக்கக் காலிமனையில் ஒரு பந்தலைப் பார்த்தேன். மூங்கில் நட்டு, மஞ்சள் துணி சுற்றி, உள்ளே பத்துக் கைகளோடு அம்மன். இன்றைக்கு ஓசூரில் பாதிக் கம்பெனிகளை ஓட்டுவது வங்காளத்துப் பையன்களும் ஒரியாக்காரர்களும்தான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவன் மண்சட்டியில் தேங்காய் நாரைப் பற்றவைத்து மேலே சாம்பிராணி தூவிக்கொண்டிருந்தான். புகை சாலைவரைக்கும் வந்தது. பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். என்னப்பா என்றாள். கண்ணில் புகை என்றேன். அது பாதி உண்மை.

நம் வீடுகளில் சாம்பிராணியைக் கரித்துண்டின் மேல்தான் போடுவோம். நாரின் மேல் போட்டால் அதில் ஒரு காரல் சேர்ந்துவிடுகிறது. அந்தக் காரலை அதற்கு முன் ஒரே ஒரு புரட்டாசியில்தான் முகர்ந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், கல்கத்தாவில், முனியப்பா அண்ணனோடு.

நான் அப்போது கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாக்கெட் சுற்றும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் சர்வீஸ் பிரிவு. எங்கே இயந்திரம் படுத்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அதற்கு முன் ஒரு வருஷம் புனேயில் இருந்ததால் எனக்கு இந்தி வரும். அல்லது வரும் என்று நான் எல்லோரையும் நம்பவைத்திருந்தேன். முனியப்பா அண்ணன் எங்கள் சீனியர் ஃபிட்டர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். ஐம்பதை நெருங்கியிருந்தார். இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வெளியூர் வேலை என்றால் மட்டும் வரமாட்டார். கோயம்புத்தூருக்குக்கூட.

தொரப்பள்ளி போகிற வழியில் அவருக்குச் சொந்தத்தில் ஒரு ஓட்டு வீடு. மெஸ் சாப்பாட்டில் நான் இளைத்துப்போகிறேன் என்று அவராகவே முடிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிடுவார். அவர் மனைவி லட்சுமம்மா களி கிண்டிக் கீரைக் குழம்பு ஊற்றுவார். நான் கரிசக்காட்டுக்காரன், கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்தவன் என்ற தைரியத்தில் முதல் நாள் களியை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றேன். லட்சுமம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். களியை மெல்லக்கூடாதாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டுமாம். அதைப் பழக எனக்கு ஆறு ஞாயிறு ஆனது.

அப்படி ஒரு ஞாயிறு காலையில்தான் அந்த வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. சுவர்ப் பலகையில் வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டி, கூப்பிடுகிறவரின் எண் தெரிகிற சின்னத் திரையோடு. முனியப்பா களி ஒட்டிய கையோடு எழுந்து ஓடி, இடது கையால் எடுத்தார். யார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு தெலுங்கில், நாங்கள் நன்றாக இருக்கிறோம், மழை இல்லை, கறுப்பு மாடு கன்று போட்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மனைவியிடம் கொடுத்தார். அவரும் கொய்யா காய்த்திருப்பதைப் பற்றி ஏதோ சொன்னார். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் யாரண்ணே என்றேன்.

"ராங் நம்பரு," என்றார்.

ராங் நம்பருக்கு யார் கன்று போட்ட கதை சொல்வார்கள்? ஆனால் லட்சுமம்மா முகத்தைப் பார்த்தபிறகு மேலே கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கல்கத்தாவில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் எங்கள் இயந்திரம் நின்றுவிட்டது. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பூஜை சமயத்தில் கம்பெனியை விட்டுப் போக யாருக்கும் மனசில்லை. மேனேஜர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முனியப்பா தானாகக் கையைத் தூக்கினார். மொத்தப் பிரிவும் திரும்பிப் பார்த்தது. இந்திக்கு என்று என்னைக் கூடச் சேர்த்தார்கள்.

பெங்களூர் போய் ஹவுரா ரயில் பிடித்தோம். போய்ச் சேர்ந்து ஒன்றரை நாளில் வேலை முடிந்துவிட்டது. அன்றோடு அந்த ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். ஊரே பூஜையில் இருந்தது. திரும்பி வர டிக்கெட் தசமி சாயங்காலத்துக்குத்தான் கிடைத்தது. நான்கு நாள் சும்மா. நான் மனசுக்குள் குதித்தேன். ஒரு தெருவில் பந்தல் அரண்மனை மாதிரி, அடுத்த தெருவில் ரயில் எஞ்சின் மாதிரி. தோளில் பெரிய மேளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். அந்த அடி நெஞ்சுக்குள் போய்த் திரும்பி வருகிறது. குழந்தை முதல் கிழவர் வரை எல்லோர் உடம்பிலும் மடிப்புக் கலையாத புதுத்துணி.

சப்தமி அன்று காலை லாட்ஜில், முனியப்பா மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு தொலைபேசி எண். கல்கத்தா எண்.

"தம்பி, கம்பெனியில யாருகிட்டயும் சொல்லாத. இது எம் பையன் பேசுற எடம். பேசறதில்ல, சும்மா போன் போடுவான்."

அவருக்கு ஒரு மகன் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ரமேஷ். டிப்ளமோவில் சேர்த்துவிட்டிருக்கிறார். பையன் ஒரு வருஷம் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, காலேஜுக்குப் போகாமல் மலைக்கோயில் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று, ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு நடுவில் வைத்து முனியப்பா அவனைச் செருப்பால் அடித்தார். மறுநாள் அவன் இல்லை. எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு காலை அந்த முதல் அழைப்பு. அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு. பேசமாட்டான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். லட்சுமம்மாதான் அது அவன் மூச்சு என்று கண்டுபிடித்துச் சொன்னது. மூன்று வருஷமாக இப்படி.

நான் லாட்ஜ் வாசலிலிருந்து அந்த எண்ணுக்குப் போட்டேன். ஷியாம்பஜார் பக்கம் ஒரு எஸ்டிடி பூத். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மருந்துக்கடைக்கும் ஒரு பந்தலுக்கும் நடுவில், ஆள் நின்றால் முதுகு கதவில் இடிக்கிற கண்ணாடிக் கூண்டு. பூத்துக்காரர் புதுச்சட்டையோடு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முனியப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மூக்கு அப்படியே இருக்கிறது என்றார்.

மாதம் ஒரு முறை அந்தப் பையன் வருகிறானாம். பெங்காலி நன்றாகப் பேசுகிறானாம். கால்வாய்க்கு அந்தப்புறம் ஏதோ தையல் இயந்திரம் ரிப்பேர் செய்கிற இடத்தில் வேலை. சரியான இடம் தெரியாது. எண்ணைப் போடுவான், கேட்பான், வைத்துவிடுவான். ஏன் பேசுவதில்லை என்று ஒருநாள் கேட்டதற்கு, கேட்டால் போதும் என்றானாம். பூஜை முடிவதற்குள் எப்படியும் ஒரு நாள் வருவான் என்றார்.

நான் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல முனியப்பா அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய், உள்ளே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தார்.

அன்றும் மறுநாள் அஷ்டமியும் பந்தல் மூங்கிலில் சாய்ந்துகொண்டு நின்றோம். பக்கத்தில் நார்ப்புகை. எங்களைக் கடந்து போகிற ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் அவர் பார்த்தார். எனக்குக் கால் கடுத்தது. பசித்தது. உண்மையைச் சொன்னால் அலுப்பும் வந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் அவரே சொன்னார்:

"போலாம்பா. வேல செய்றான், சாப்பிடறான், நல்லாத்தான் இருக்கான். இது போதும்."

நான் விடவில்லை. இருபத்து நான்கு வயசு. எல்லா முடிச்சையும் நாம் அவிழ்த்துவிடலாம் என்கிற வயசு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் கையோடு போவதா, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"வேணாம். நா வந்தது தெரிஞ்சா பயந்துக்குவான். குருவி கூடு கட்டுற எடத்த நாம பாத்துட்டம்னு அதுக்குத் தெரியக்கூடாது, தம்பி. அப்பறம் அங்க வராது."

கேட்டேனா? பூத்துக்காரரிடம் ஒரு பில் காகிதம் வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினேன். உன் அப்பா வந்திருக்கிறார், உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார், இந்த லாட்ஜில் தசமி மத்தியானம் வரை இருப்போம், யாருக்கும் கோபமில்லை, அம்மா தினமும் அழுகிறாள். தினமும் அழுகிறாள் என்பது என் சொந்தச் சரக்கு. முனியப்பா என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அவருக்குள்ளும் எங்கோ ஒரு ஓரத்தில் ஆசை இருந்திருக்கும். இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

நவமி அன்று அவர் அறையை விட்டு இறங்கவில்லை. காலையில் குளித்துவிட்டு, கொண்டுபோயிருந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்து, குங்குமப் பொட்டு வைத்தார். பொரி வாங்க எனக்குத் தோன்றவில்லை. நான் வாங்கி வந்த பூரியைப் படைத்தார். ஆயுத பூஜை அன்று தன் மெஷின் பக்கத்தில் இல்லாதது இருபது வருஷத்தில் இதுதான் முதல் முறை என்றார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

தசமி காலையில் மறுபடி பூத்துக்குப் போனோம். முந்தின நாள் மத்தியானம் அவன் வந்திருக்கிறான். சீட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று தடவை படித்திருக்கிறான். அப்பாவுக்கு முடி நரைத்துவிட்டதா என்று கேட்டானாம். ஆமாம் என்றிருக்கிறார் பூத்துக்காரர். நடக்கும்போது வலது காலைச் சாய்க்கிறாரா என்று கேட்டானாம். இவர் அதைக் கவனிக்கவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போன் போடாமலே போய்விட்டான்.

ரயிலில் முனியப்பா ஏறக்குறைய சந்தோஷமாகத்தான் இருந்தார். ஹவுரா தாண்டும்போது, விஜயவாடாவில், ஜோலார்பேட்டையில் என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சீட்ட எடுத்துகினுதான போனான்? கிழிச்சுப் போடலியே?"

கிழிக்கவில்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

அடுத்த மாதம் போன் வரவில்லை. தீபாவளிக்கு வரும் என்று இருந்தார்கள். வரவில்லை. பொங்கலுக்கும் இல்லை. நான் பூத்துக்குப் போட்டுக் கேட்டேன். பூஜைக்குப் பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை என்றார் அந்த மனிதர். கால்வாய்க்கு அந்தப்புறம் போய் விசாரித்தும் பார்த்தாராம். அவன் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தான். வேறு ஊருக்கு என்றார்கள்.

முனியப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒருநாள் கேண்டீனில், தட்டைப் பார்த்தபடி, "மாசத்துக்கு ஒரு தபா மூச்சாவது கேட்டுகினு இருந்தோம்," என்று ஆரம்பித்தார். எதிரில் நான் இருப்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார். மோர் ஊத்திக்கோ என்று டம்ளரை என் பக்கம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் கூப்பிடுவது நிற்கவில்லை. நான்தான் ஷிஃப்ட், தலைவலி என்று குறைத்துக்கொண்டேன்.

சில வருஷத்தில் அந்தப் பூத்தின் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொல்லிவிட்டது. எங்கள் கம்பெனி கைமாறி, பிறகு மூடியும்விட்டது. எல்லோர் கையிலும் செல்போன் வந்தபிறகும் முனியப்பா வீட்டில் அந்தச் சாம்பல் பெட்டி இருந்தது. ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு லட்சுமம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கல்கத்தாவில் அவன் கேட்டதைச் சொல்லச் சொன்னார். நரை பற்றி, கால் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"சீட்டு வேணாம்ணா, அவன் பயந்துக்குவான்னு நீ எவ்வளவோ சொன்னியாமே. இவருதான் கேக்காத எழுதிக் குடுத்துட்டு வந்தாராம். சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு. அந்தத் தம்பி பேச்சக் கேட்டிருந்தா எம் பையன் போன் நின்னிருக்காதுன்னு."

இல்லையம்மா, எழுதியது நான், தடுத்தது அவர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாசலில் யாரோ நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து எனக்குக் காபி போடப் போனார். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நான்கைந்து முறை போய் வந்தேன்.

லட்சுமம்மா மாட்டை விற்றுவிட்டுக் குந்தாரப்பள்ளியில் தம்பி வீட்டோடு போனார். போன தை மாதம் அங்கேயே முடிந்துபோனார். வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் கிடங்கு. கொய்யா மரம் எந்த மூலையில் நின்றது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரமேஷுக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவன் என்றாவது போன் போட்டாலும் எடுக்க ஆளில்லை. நான் சொல்லவேண்டியதைக் கேட்கவும் அங்கே யாரும் இல்லை.